உழக்கும் ஆழாக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கரூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். உங்கள் வளைகுடாக் கட்டுரைகளை விடாமல் படிப்பவள். போன வாரம் பாரசீகப் பேரரசு பாடம் எடுத்தபோது ஒரு மாணவி, "பாரசீகம்னா எந்த ஊரு டீச்சர்? ஈரானேதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கே நிறைவில்லை. பார்ஸ், ஃபார்ஸ் என்றெல்லாம் வருகிறதே, அவை என்ன? ஒரு பாலைவன மூலையிலிருந்து அவ்வளவு பெரிய பேரரசு எப்படிக் கிளம்பியது? அலெக்சாண்டர் அவர்கள் தலைநகர் பெர்சிபோலிஸைக் கொளுத்தியதோடு அந்த மண்ணின் கதை முடிந்தது என்று சொல்லலாமா? இன்னொன்று. அங்கே ஆயிரக்கணக்கில் எழுத்துப் பொறித்த களிமண் ஓடுகள் கிடைத்தன என்று அறிந்து ஆசையாகத் தேடிப் படித்தேன். எல்லாம் தானியக் கணக்கு, கூலிக் கணக்கு என்றதும் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு கவிதை, ஒரு கதை எழுதி வைத்திருக்கக் கூடாதா? அவர்கள் ஆரியர்கள்தானா என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அவள்தான் சரியான கேள்வி கேட்டவள். பார்ஸ் என்பது ஈரானின் தென்மேற்கில் உள்ள ஒரு சீமை. நாடு முழுவதும் அல்ல. அந்தச் சீமையிலிருந்து எழுந்த அரச குலம் பரந்த நிலத்தை ஆண்டதால், கிரேக்கர்கள் சீமையின் பெயரையே நாட்டுக்கும் வைத்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் தங்கள் நாட்டை வெகுகாலமாக ஈரான் என்றே சொல்லிவந்தார்கள். வெளிநாடுகளும் அப்படியே அழைக்க வேண்டும் என்று 1935இல் அவர்கள் அரசு கேட்டுக்கொண்டது. அரபு மொழியில் 'ப' கிடையாது. அதனால் அரபியர் வாயில் பார்ஸ் ஃபார்ஸ் ஆனது, பாரசீக மொழி ஃபார்ஸி ஆனது. இன்றும் ஃபார்ஸ் என்று ஒரு மாகாணம் இருக்கிறது, தலைநகர் சிராஸ். நம் நாக்குக்கு வடமொழி வழியாக வந்த பாரசீகத்தில் அந்தப் பழைய 'ப' அப்படியே தங்கிவிட்டது. இதை அவளிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

ஆரியர் கேள்விக்குள் நான் போகப்போவதில்லை. பாரசீகப் பேரரசன் தாரியஸ் தன் கல்லறைக் கல்வெட்டில் தன்னைப் பாரசீகன், பாரசீகன் மகன், ஆரியன் என்று சொல்லிக்கொள்கிறான். அந்தச் சொல்லுக்கு அவன் காலத்தில் இருந்த பொருள் வேறு, நம் ஊர் மேடைகளில் இருக்கும் பொருள் வேறு. வகுப்பில் அதைத் தொடாமல் விட்டால் ஒன்றும் குறையாது.

ஆனால் பாலைவனம் என்று எழுதிவிட்டீர்களே, அதை என்னால் சும்மா விட முடியவில்லை. சமூக அறிவியல் நடத்துகிறவர் நீங்கள். ஒரு நாட்டின் வரைபடத்தை மேடு பள்ளத்தோடு ஒருமுறை பார்த்திருந்தால் அந்தச் சொல் உங்கள் பேனாவில் வந்திருக்காது. மேற்காசியா என்றாலே மணலும் ஒட்டகமும் என்று நாம் பழகிவிட்டோம். பிள்ளைகளையும் அப்படியே பழக்குகிறோம்.

நான் அங்கே இருந்தவன். அசலூயே என்ற கடற்கரை ஊரில், எரிவாயு ஆலை கட்டும் முகாம் ஒன்றில், மெஸ் ஸ்டோர்கீப்பராக இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அந்த எரிவாயு வயலுக்கே தெற்கு பார்ஸ் என்றுதான் பெயர். கோடையில் அங்கே காற்று ஈரத் துணியால் மூடியதுபோல முகத்தில் ஒட்டும். ஊருக்குப் பின்னாலேயே மலை, கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒரு ஒல்லியான பட்டை நிலம். ஒரு ஏப்ரல் மாதம் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்துச் சிராஸ் போனோம். ஃபிரூசாபாத் வழியாகப் பாதை ஏறிக்கொண்டே போகிறது. சாக்ரோஸ் மலை ஒற்றை மலை இல்லை. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, பாய் மடித்ததுபோல வரிசை வரிசையாக மடிப்புகள். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் ஒரு சமவெளி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக, ஆறு அறுத்து வைத்த இடுக்கு ஒன்றுதான் வழி. அதைத் 'தங்' என்கிறார்கள்.

அப்படி ஒரு தங்குக்குள் வேன் நின்றுவிட்டது. எதிரே ஆடுகள். நூறா, ஆயிரமா, எண்ண முடியவில்லை. கருப்பு வெள்ளாடுகளும் செம்மறிகளும் கலந்து வந்தன. கழுதை மேல் சுருட்டிய கருப்புக் கூடாரம், அதன் மேல் ஒரு சேவல் கால் கட்டி உட்கார்ந்திருந்தது. பல வண்ணப் பாவாடைகளை அடுக்கடுக்காகக் கட்டிய ஒரு கிழவி எங்கள் வேனின் முன்கண்ணாடியைக் கையால் தட்டி, ஓரமாகப் போ என்று டிரைவரை அதட்டினாள். கஷ்காய்கள் என்றார் டிரைவர். பேசுவது துருக்கி வகை மொழி. குளிர்காலத்தில் கடலை ஒட்டிய வெப்பச் சீமையில் மேய்ப்பார்கள், வசந்தம் வந்ததும் சிராஸுக்கு வடக்கே குளிர்ச் சீமைக்கு ஏறிவிடுவார்கள். கர்ம்சீர், சர்த்சீர். இந்த இரண்டு சொல் தெரியாமல் பார்ஸின் வரலாறு யாருக்கும் புரியாது. ஒரே சீமைக்குள் பேரீச்சையும் விளைகிறது, திராட்சையும் விளைகிறது. கம்ஃபிரூஸ் பக்கம் நெல்லே விளைகிறது. பெர்சிபோலிஸ் நிற்கும் மர்வ்தஷ்த் சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம், குர் ஆறு பாயும் நிலம். அதையா டீச்சர் பாலைவன மூலை என்கிறீர்கள்?

அது மூலையும் அல்ல. பாரசீகர்கள் அங்கே வந்து பெருகுவதற்கு வெகு முன்பே, சிராஸுக்கு வடக்கே அன்ஷான் என்று, எலாமியர் என்ற பழைய மக்களின் பெருநகரம் இருந்தது. பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸ் பாபிலோனைப் பிடித்தபின் எழுதவைத்த களிமண் உருளை, அவனையும் அவன் முன்னோரையும் அன்ஷான் அரசர்கள் என்கிறது. எழுதவும் எண்ணவும் தெரிந்த பழைய எலாமியக் கைகள் அந்த மண்ணில் தயாராக இருந்தன. புதிதாக வந்தவர்கள் அவர்களை விரட்டவில்லை, உட்கார வைத்து எழுதச் சொன்னார்கள். நீங்கள் சப்பென்று இருக்கிறது என்று சொன்ன ஓடுகள் அந்தக் கைகள் எழுதியவைதான், பெரும்பாலும் எலாமிய மொழியில்.

அலெக்சாண்டரோடு முடிந்ததா என்றால், இல்லை. அவன் எரித்தது கி.மு. 330இல். ஐந்நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, கி.பி. 224இல், அதே பார்ஸிலிருந்து அர்தாஷிர் எழுந்து சாசானியப் பேரரசைத் தொடங்கினான். நான் கடந்து போன ஃபிரூசாபாத், அவன் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் விட்டத்தில் வட்டமாக வகுத்த நகரம். பெர்சிபோலிஸின் இடிபாட்டுக்குள் 311ஆம் ஆண்டில் ஒரு சாசானிய இளவரசன் தங்கிச் சாப்பிட்டு, பிரார்த்தனை செய்து, அதைக் கல்லில் வெட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த இடத்தை அவன் நூறு தூண் என்கிறான். கட்டியவன் பெயர் மறந்தாலும் ஜனங்களுக்கு இடம் மறக்கவில்லை.

இப்போது ஓடுகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த இரவு தூங்காமல் இருந்தது இதற்காகத்தான்.

1933இல் எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்ட் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் தலைமையில் தோண்டியபோது, பெர்சிபோலிஸ் மேடையின் வடகிழக்கு மூலையில், கோட்டைச் சுவரை ஒட்டிய அறைகளில் அவை கிடைத்தன. முழுசும் உடைசலுமாகப் பல்லாயிரம். 1936இல் படித்துத் தருவதற்காகச் சிகாகோவுக்குக் கடனாகப் போயின. ரிச்சர்ட் ஹாலக் என்பவர் வாழ்நாளில் பெரும்பகுதியை அவற்றின் மேல் குனிந்தே கழித்து, 1969இல் 2,087 ஓடுகளைப் படித்து வெளியிட்டார். இடையில் ஈரானிடம் நஷ்டஈடு கேட்ட ஒரு வழக்கில் அவற்றை ஏலம் விட்டுப் பணம் எடுக்கக்கூட முயன்றார்கள். 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது கூடாது என்றது. மறு வருஷம் 1,783 ஓடுகள் ஈரானுக்குத் திரும்பின. உலகமே மதித்துச் சண்டை போட்ட பொருளை நீங்கள் ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள்.

ஊர் திரும்பும் வழியில் டெஹ்ரான் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. ஒரு பக்கம் நாக்குபோல வளைந்து, மறுபக்கம் தட்டையாக இருக்கும். ஒரு கயிற்று முடிச்சைச் சுற்றிக் களிமண்ணைப் பிசைந்து அழுத்தியிருக்கிறார்கள். கயிறு மக்கிவிட்டது, அது வெளியே வந்த துளைகள் மட்டும் இரண்டு மூலையிலும் இருக்கின்றன. ஓரத்தில் கொடுத்தவனும் வாங்கியவனும் உருட்டிய முத்திரை. எனக்கு உடனே என் மெஸ் ரெஜிஸ்டர் ஞாபகம் வந்தது. அதிலும் ஓர் ஓரத்தில் என் கையெழுத்து, மறு ஓரத்தில் எழுதத் தெரியாதவர்களின் பெருவிரல் ரேகை.

கி.மு. 509 முதல் 493 வரை, பதினாறு ஆண்டுக் கணக்கு அது. யார், எந்த ஊர்க்காரர், எத்தனை பேர், எங்கிருந்து எங்கே, எந்தக் களஞ்சியத்திலிருந்து எவ்வளவு. எகிப்தியர், பாபிலோனியர், கப்பதோக்கியர், லிசியர் எனப் பல நாட்டு வேலையாட்கள். ஹிந்துஷ் என்று அவர்கள் சொன்ன சிந்து நாட்டிலிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு வந்து, வழியெல்லாம் மாவு வாங்கித் தின்ற பயணிகள். மலைக்கும் ஆற்றுக்கும் படையல் வைக்கக் கொடுத்த தானியம்கூட எழுதியிருக்கிறது. திராஸிஷ் என்று ஓர் ஊர் வருகிறது. அதுதான் சிராஸ் என்கிறார்கள். கவிஞர்கள் பாடிய சிராஸ் அவர்களுக்கு வெகு முன்பே கூலிக் கணக்கில் ஏறிவிட்டது. நீங்கள் கேட்ட கவிதை அங்கேயிருந்து எவ்வளவு தூரம், சொல்லுங்கள்.

சாதாரண ஆளுக்கு மாதம் 30 கா தானியம். ஒரு கா ஏறத்தாழ ஒரு லிட்டர். பெண்கள் கூட்டத்துக்குத் தலைவியாக இருந்தவளுக்கு 50 கா. பிள்ளை பெற்றவளுக்குக் கூடுதலாக மதுவோ பார்லி பீரோ உண்டு. ஆண் பிள்ளை பெற்றவளுக்கு 10 கா, பெண் பிள்ளை பெற்றவளுக்கு 5.

இந்த வரியை நான் முதலில் படித்தது, ஊர் திரும்பி வெகு நாள் கழித்து, என் அம்மா இறந்த வருஷத்தில். புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். நான் பிறந்தபோது அப்பாவின் அம்மா பிரசவ லேகியத்துக்கு உழக்கால் நல்லெண்ணெய் அளந்து ஊற்றினாள். அடுத்து என் தங்கை பிறந்தாள். இந்த முறை கிழவி எடுத்தது ஆழாக்கு. சண்டை போடவில்லை, திட்டவில்லை, அளவை மட்டும் மாற்றினாள். அம்மா அதை எங்களிடம் சொன்னது நாற்பது வருஷம் கழித்து, அதுவும் யாரோ கேட்டதற்குப் பதிலாக, கீரை ஆய்ந்துகொண்டே. ஒரு உழக்குக்கு இரண்டு ஆழாக்கு. பத்துக்கு ஐந்து.

தாரியஸ் பெர்சிபோலிஸின் தெற்குச் சுவரில் வெட்டிவைத்த பிரார்த்தனை ஒன்று இருக்கிறது. இந்தப் பார்ஸ் நாடு நல்ல நாடு, நல்ல குதிரையும் நல்ல மனிதரும் உள்ள நாடு, இதைப் படையிலிருந்தும் பஞ்சத்திலிருந்தும் பொய்யிலிருந்தும் அஹுரமஸ்தா காக்கட்டும் என்கிறான். அரசன் கடவுளிடம் சொன்னது அது. அந்த நாட்டில் ஒரு பெண் பிள்ளை பிறந்த அன்று என்ன நடந்தது என்பதை அவன் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டான். கணக்குப்பிள்ளை எழுதிவைத்தான். அழகாக எழுத வேண்டும் என்றோ நியாயமாகக் காட்ட வேண்டும் என்றோ அவனுக்கு எண்ணம் இல்லை, அளந்ததை அப்படியே எழுதினான். அதனால் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் கழித்து அந்தத் தாய்க்கு எவ்வளவு கிடைத்தது என்று எனக்கும் உங்களுக்கும் தெரிகிறது. என் அம்மாவின் ஆழாக்கு எந்த ஓட்டிலும் இல்லை.

ஒன்றை இதுவரை எங்கும் எழுதியதில்லை. அசலூயேயில் எங்களை வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரர் நான்கு மாதம் சம்பளம் தராமல் இழுத்தார். அரிசி வரத்தும் குறைந்தது. ஃபிட்டர்களுக்குக் குறைக்காதே, ஹெல்பர்களுக்குக் குறை என்று மேலிருந்து சொன்னார்கள். நான் குறைத்தேன். ஆனால் ரெஜிஸ்டரில் பழைய அளவையே எழுதச் சொன்னபோது, கொடுத்த அளவைத்தான் எழுதினேன். அதற்காக என்னை ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள். குறைத்துக் கொடுத்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். எழுதியதற்காக வெட்கப்படவில்லை.

உங்கள் மேல் கோபித்துக்கொண்டதற்கு வருத்தப்படாதீர்கள் டீச்சர். பாடப் புத்தகத்தோடு நிறுத்தாமல் ஒரு மாணவியின் கேள்விக்காக முகம் தெரியாத ஒருவனுக்கு இத்தனை நீளக் கடிதம் எழுத உங்களுக்கு மனசு இருக்கிறது. அடுத்த வகுப்பில் அரசர்களை ஒருநாள் தள்ளிவையுங்கள். கரும்பலகையில் மலை மடிப்புகளை முதலில் போடுங்கள், பிறகு ஆறு, கடைசியில் ஊர். களிமண் பிசைந்து ஆளுக்கு ஓர் ஓடு கொடுங்கள். இன்று காலை வீட்டில் யார் யாருக்கு எத்தனை இட்லி வைத்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள், அம்மா எத்தனை சாப்பிட்டாள் என்பதையும் சேர்த்து. அந்த மாணவி என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரிவியுங்கள்.

அன்புடன்.