ஆர்கான் நஞ்சில்லை, ஆனால் டேங்குக்குள் கால் துவண்டது ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 34. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டேங்க் செய்யும் பட்டறையில் ஆறு வருடமாக, ஆர்கான் வாயுவைப் பாய்ச்சிச் செய்யும் ஆர்கான் வெல்டிங் வேலை. அடிக்கடி தலைவலி, கண் எரிச்சல். தினமும் வலி மாத்திரை போடுகிறார். ஆர்கான் ரத்தத்தில் தங்கிவிடும், புற்றுநோய் வரும், குழந்தை தங்காது என்றெல்லாம் நெட்டில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போன மாதம் டேங்குக்குள் இருந்தபோது கிறுகிறுத்து, கால் துவண்டு ஏணியில் ஏற முடியவில்லையாம். வெளியே தூக்கிவிட்டதும் சரியாகிவிட்டது. ரத்தத்தில் ஆர்கான் அளவு பார்க்க என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? – வாசகி, திருச்சி

பதில்: எந்த டெஸ்டும் வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஏணிதான் எனக்குக் கவலை. அன்று உங்கள் கணவர் தப்பித்தது, மேலே ஆள் இருந்ததால்.

முதலில் நெட்டை மூடுங்கள். நீங்களும் நானும் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் 0.93 சதவீதம் ஆர்கான்தான். அதன் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிறைந்து கிடப்பதால் அது எதோடும் சேராது. 1894-ல் அதைக் கண்டுபிடித்த ராலேயும் ராம்சேயும் கிரேக்க மொழியில் ‘சோம்பேறி’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். 2000-ல் ஹெல்சிங்கியில் அதை ஒரு சேர்மமாக்கிக் காட்ட, மைனஸ் 250 டிகிரிக்கும் கீழான குளிர் தேவைப்பட்டது. 37 டிகிரி சூட்டில் இருக்கும் உடம்பில் அது எந்த அணுவோடு ஒட்டப்போகிறது? ரத்தத்தில் கரைந்த கொஞ்சமும் வந்த வழியே மூச்சில் போய்விடும். குழந்தைப் பேற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஆர்கான் காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனம். நிறமில்லை, வாசனையில்லை, சமையல் கேஸில் கலப்பதுபோல நாற்றமும் இதில் கலப்பதில்லை. வெல்டிங் டார்ச்சில் (கையில் பிடிக்கும், வாயு வெளிவரும் முனை) நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் மணிக்கு 600 லிட்டர். 2,000 லிட்டர் டேங்கில் அது சீராகக் கலந்தால்கூட ஒரு மணி நேரத்தில் 21 சதவீத ஆக்சிஜன் பதினைந்தரைக்கு இறங்கிவிடும். டார்ச் வால்வை மூடாமல் சாப்பிடப் போனாலோ, பர்ஜ் ஹோஸ் (வெல்டின் பின்பக்கத்துக்கு ஆர்கான் விடும் குழாய்) கசிந்தாலோ, வாயு அடியில் தேங்கும். வெல்டர் குந்தி உட்காருவதும் அங்கேதான்.

மூச்சு முட்டுமே, தெரிந்துவிடாதா என்பீர்கள். தெரியாது. நமக்கு மூச்சுத் திணறலை உணர்த்துவது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. ஆர்கானைச் சுவாசிக்கும்போது அது வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் மட்டும் குறையும். மனதுக்கு ஒன்றும் தோன்றாது, கால் மட்டும் கேட்காது. ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நினைவு தப்பும். 6-க்கும் கீழே என்றால் ஏறக்குறைய உடனே ஆள் சாய்ந்துவிடுவார்.

அதனால் டேங்குக்குள் கிறுகிறுப்பு, கை கால் தளர்ச்சி, காரணமில்லாத சிரிப்பு, பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் அந்த நொடியே வெளியே வர வேண்டும். ‘இந்த ஒரு டாக்கை (பொட்டு வெல்டை) வைத்துவிட்டு வருகிறேன்’ என்பது கூடாது. உள்ளே ஒருவர் விழுந்தால் காப்பாற்றப் பின்னாலேயே குதிக்காதீர்கள். இப்படித்தான் இரண்டாவது, மூன்றாவது உயிர் போகிறது. சிலிண்டரை மூடி, பிளோயரை (காற்று ஊதும் மெஷினை) உள்ளே விட்டு, பெல்ட்டில் கட்டிய கயிற்றால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். பெல்ட்டும் கயிறும் உள்ளே இறங்கும் முன்பே கட்டியிருக்க வேண்டும். 108-ஐ அழையுங்கள். மூச்சில்லை என்றால் உடனே நெஞ்சு அழுத்தம். நினைவு தப்பி எழுந்தவர் நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும்.

மாஸ்க் போடுகிறாரே என்று சமாதானம் வேண்டாம். மாஸ்க் தூசியை வடிகட்டும், இல்லாத ஆக்சிஜனை எங்கிருந்து கொண்டுவரும்? விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் உதவாது. அது எச்சரிப்பதற்குள் காலம் கடந்துவிடும். சட்டையில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் வேண்டும்; 19.5-க்குக் கீழ் இறங்கினால் கத்தும். காற்றோட்டத்துக்கு வெறும் காற்றுதான், ஆக்சிஜன் சிலிண்டரை டேங்குக்குள் திறந்துவிடும் புத்திசாலித்தனம் வேண்டாம்: ஒரு பொறியில் சட்டை பந்தமாக எரியும்.

புற்றுநோய் பயத்தில் பாதி நியாயம் உண்டு. வெல்டிங் புகையைப் புற்றுநோய்க் காரணி என 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. எஸ்.எஸ். புகையில் குரோமியம் இருக்கிறது. புகையை வெல்டிங் நடக்கும் இடத்தின் அருகிலேயே உறிஞ்சும் குழாய் வேண்டும். பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டால் புகை இறங்கிவிடும் என்று பட்டறையில் சொல்வதைக் கேட்காதீர்கள். பசி மட்டும்தான் அடங்கும்.

கண் எரிச்சல் ஆர்க் வெளிச்சத்தால் என்றால் ஓரிரு நாளில் ஆறும். மரத்துப்போகும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி ஊற்றினால் கருவிழி புண்ணாகும். தினசரி வலி மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இரைப்பையும் சிறுநீரகமும் ஆர்கானைவிட அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். தலைவலி டேங்க் வேலை நாட்களில் மட்டும் வருகிறதா என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். ஆம் என்றால், அந்தத் தாளை பட்டறை முதலாளியிடம் கொடுத்து, மீட்டர் வாங்கச் சொல்லுங்கள்.