ரிகர்வ் வில்லில் ரெஸ்ட் ஒட்டுவதா, ஷெல்பிலேயே அம்பை வைத்து எய்வதா?

நீங்கள் வாங்கியிருப்பது 62 அங்குல மர ரிகர்வ் (முனைகள் முன்பக்கம் வளைந்த வில்), இழுவிசை 30 இறாத்தல், ரெஸ்ட் (அம்பைத் தாங்க வில்லின் பக்கத்தில் ஒட்டும் சின்னத் தாங்கி) ஒட்ட இடமும் இருக்கிறது, ஷெல்பும் (கைப்பிடிக்கு மேலே வில்லிலேயே வெட்டியிருக்கும் தட்டு) இருக்கிறது, எது நல்லது என்று கேட்கிறீர்கள். முதலில் உங்கள் அம்பின் வாலைப் பாருங்கள். அதில் இறகுக்குப் பதிலாக ஒட்டியிருப்பது பிளாஸ்டிக் தகடு என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, ரெஸ்ட் ஒட்டுங்கள். இறகு ஷெல்பில் உரசும்போது மடிந்து கொடுத்துவிட்டுப் போகும். பிளாஸ்டிக் மடியாது, மோதும், அம்பின் வால் எகிறும். வாலில் இறகு இருந்தால் ஷெல்பிலேயே வைத்து எய்யுங்கள் என்பதுதான் என் கட்சி.

ஆனால் கொள்கை பிடித்து நான் இந்தக் கட்சிக்கு வரவில்லை, கொழும்பு வெக்கைதான் கொண்டுவந்து விட்டது. ஆரம்பத்தில் நானும் மலிவான பிளாஸ்டிக் ரெஸ்ட் ஒன்றை ஒட்டித்தான் எய்தேன், நன்றாகத்தான் போனது. ஒரு மத்தியானம் வில்லைக் காருக்குள் விட்டுவிட்டு (செய்யவே கூடாத வேலை, சூட்டில் வில்லின் ஒட்டே பிரிந்துவிடலாம்) திரும்பி வந்து பார்த்தால் ரெஸ்டின் பசை இளகி, அது சரிந்து தொங்குகிறது. மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெய் தேய்த்து எடுத்தேன். புறக்கோட்டையில் ஒரு தையல் சாமான் கடையில் வெல்க்ரோ வாங்கி, அதில் மெத்தென்ற பக்கத்தை மட்டும் ஷெல்பிலும் அதற்கு மேலுள்ள பக்கச் சுவரிலும் வெட்டி ஒட்டினேன். முள் பக்கம் வேண்டாம், இறகைப் பிய்த்துவிடும்.

அடுத்த நாள் எய்தால் அம்பெல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு போகிறது. நாணில் அம்பு மாட்டும் இடத்துக்கு மேல் பித்தளை வளையம் ஒன்று நசுக்கி வைத்திருப்போமே, நொக் பொயின்ட், அதை நான் தொடவேயில்லை. ரெஸ்டில் இருந்த அம்பு ஷெல்புக்கு முக்கால் அங்குலம் அளவில் இறங்கிவிட்டது, வளையமோ பழைய இடத்திலேயே இருக்கிறது, அப்போ அம்பு மூக்கைக் குத்திக்கொண்டு நிற்காமல் என்ன செய்யும். சரி என்று வளையத்தை இறக்கினேன். கொஞ்சம் சரியானது. இன்னும் இறக்கினேன், வால் மறுபடி மேலே தூக்கியது. வால் மேலே என்றால் நொக் (நாணில் மாட்டும் அம்பின் வால் நுனி) உயரத்தில் இருக்கிறது என்றுதானே எல்லோரும் சொல்வார்கள், ஆகவே இன்னும் இறக்கினேன், இன்னும் மோசமானது.

இரண்டு வார இறுதிகள் இப்படியே போனபின் ஒரு அண்ணா சொன்னார், இறகின் ஓரத்தில் லிப்ஸ்டிக் பூசி எய்து பார் என்று. அக்காவின் லிப்ஸ்டிக்கைக் கேட்காமல் எடுத்தது தனிக் கதை. ஒரே அம்புதான் எய்தேன், ஷெல்பின் முன் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு. நொக் அளவுக்கு மீறித் தாழ்ந்து, கீழ் இறகின் தண்டு ஷெல்பில் மோதித் துள்ளியிருக்கிறது. வால் மேலே போனது அந்தத் துள்ளலால்தான், அதைப் பார்த்து நான் தலைகீழாக வைத்தியம் செய்துகொண்டிருந்தேன். வளையத்தை மேலே ஏற்றினேன், கோடு போய்விட்டது. டி வடிவ அளவுகோலை நாணில் மாட்டி, நாணுக்குச் செங்குத்தாக ஷெல்பைத் தொடும் மட்டத்திலிருந்து அரை அங்குலம் முதல் 5/8 அங்குலம் மேலே வளையத்தை வைத்துத் தொடங்குங்கள். ரெஸ்ட் என்றால் ரெஸ்டின் மட்டத்திலிருந்து அளக்கவேண்டும், இதைவிடக் குறைவாகவே தேவைப்படும். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவர் என்றால் இன்னும் கொஞ்சம் மேலே போகவேண்டி வரலாம்.

இன்னொன்று, ஷெல்ப் தட்டையாக இருந்தால் அம்பு நீளத்துக்கும் உரசும். கைப்பிடியில் கை ஆழமாகப் பதியும் இடம் இருக்கிறதல்லவா, அதற்கு நேர் மேலே வெல்க்ரோவுக்கு அடியில் ஒரு தீக்குச்சித் துண்டைக் குறுக்காக வைத்து ஒட்டுங்கள். சின்னத் திமில் மாதிரி வரும், அம்பு அந்த ஒரு புள்ளியில் மட்டும் உட்காரும், நம் மணிக்கட்டு கொஞ்சம் திரும்பினாலும் அம்பைப் பெரிதாக இழுத்துக்கொண்டு போகாது. பக்கச் சுவரிலும் அதே நேரில் ஒன்று. நிறம் வேறான இறகு வெளிப்பக்கம் பார்க்கட்டும்.

ரெஸ்டுக்கு என்ன நியாயம் என்றால், முதலாவது பிளஞ்சர். பக்கவாட்டில் ஸ்பிரிங் வைத்த அந்தச் சின்னப் பொத்தானைத் திருகி, அம்பு எவ்வளவு வெளியே நிற்கவேண்டும், எவ்வளவு அழுத்தம் என்று மாற்றலாம், உங்கள் அம்பு வில்லுக்குக் கொஞ்சம் விறைப்பாகவோ தொய்வாகவோ இருந்தாலும் சமாளிக்கலாம். ஷெல்பில் அந்தச் சலுகை குறைவு, அம்பின் விறைப்பைச் சரியாகத் தேர்ந்துதான் வாங்கவேண்டும். பேர்போ (குறிபார்க்கும் கருவி இல்லாமல் எய்யும்) பிரிவில் போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் ரெஸ்டும் பிளஞ்சரும் போடுங்கள், அங்கே அதற்கு அனுமதி உண்டு, ஷெல்பில் அடம்பிடிப்பது வீண். இரண்டாவது மழை. மே, ஜூனில் இங்கே கொட்டுகிற மழையில் இறகு நனைந்தால் கோழிக்குஞ்சு மாதிரி படுத்துவிடும், பிறகு அது அம்பை நேராக்கப் போவதில்லை. வெல்க்ரோவும் ஈரம் குடித்து நாறும். ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை நான் பிய்த்துப் புதிதாக ஒட்டுகிறேன், செலவு ஒரு பிளேன்டீக் காசு.

ஷெல்பில் அம்பு கைக்குப் பக்கத்திலேயே கிடப்பதால், குறி பார்க்காமல் எய்கிறவர்களுக்கு விரல் நீட்டிக் காட்டுகிற மாதிரி இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். நீங்கள் ரெஸ்ட் போட்டு ஒரு மாதம் எய்துவிட்டு அப்புறம் ஷெல்புக்கு வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, வளையத்தை நகர்த்த மட்டும் மறக்காதீர்கள்.