வாசகர் கேள்வி – பதில்: அண்ணன் கேட்ட கேசட்டும் மறுபதிப்பு சிடியும்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறேன். நாங்கள் தோட்டத்து லயத்தில் குடியிருந்த காலத்தில் என் அண்ணன் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஒரு கேசட் வாங்கி வந்து, நாடா தேயும் அளவுக்குக் கேட்டார். ஓஸி ஓஸ்போர்ன் என்ற ஹெவி மெட்டல் பாடகர் தனியாக வெளியிட்ட முதல் ஆல்பம் அது. அண்ணன் காலமான பிறகு, 2003ஆம் ஆண்டு வாக்கில், அதன் மறுபதிப்பு சிடியை ஈப்போவில் வாங்கினேன். குரல் அதேதான், கித்தாரும் அதேதான். ஆனால் அவற்றுக்கு அடியில் ஏதோ மாறியிருந்தது. அண்ணன் நினைவு உன்னை அலைக்கழிக்கிறது என்று வீட்டில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். போன மாதம் என் மகன் கைப்பேசியில் அதே ஆல்பத்தை ஓடவிட்டபோது, அண்ணனின் கேசட்டில் கேட்டது அப்படியே திரும்பி வந்தது. எது அசல்? ரீமாஸ்டர் என்றால் என்னதான் செய்கிறார்கள்?

பதில்: ஐயா, உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதைச் சந்தேகித்து வந்திருக்கிறீர்கள் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாங்கியது 2002இல் வெளிவந்த மறுபதிப்பாகத்தான் இருக்க வேண்டும். அதில் பாஸ் கித்தாரும் டிரம்ஸும் முற்றிலுமாக அழிக்கப்பட்டு, வேறு இருவரால் புதிதாக வாசிக்கப்பட்டிருக்கின்றன.

ஓஸி 1979இல், தான் பாடிவந்த பிளாக் சபாத் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். இனித் தனக்குப் பாட்டே இல்லை என்று லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விடுதி அறைக்குள் குடித்துக் கிடந்தவரை மீண்டும் எழுப்பி நிறுத்தியது, 1980இல் இங்கிலாந்தில் ரிட்ஜ் ஃபார்ம் என்ற ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவாகி அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான ‘பிளிசர்ட் ஆஃப் ஓஸ்’ என்ற இந்த ஆல்பம். கித்தார் வாசித்த ராண்டி ரோட்ஸுக்கு அப்போது வயது 23. பாஸ் வாசித்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாப் டெய்ஸ்லி. டிரம்ஸ் வாசித்தவர் யூரியா ஹீப் குழுவில் முன்பு இருந்த லீ கெர்ஸ்லேக். கீபோர்டுக்கு டான் ஏரி வந்தார். பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதியவரும் டெய்ஸ்லிதான் என்பதை நம்மில் பலர் அறியாமலே அந்த வரிகளை ஓஸியின் சொற்களாகக் கொண்டாடி வருகிறோம்.

அடுத்த ஆல்பமான ‘டயரி ஆஃப் எ மேட்மேன்’ என்பதிலும் டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும்தான் வாசித்தார்கள். ஆனால் அது 1981 நவம்பரில் வெளிவருவதற்குள் அவர்கள் குழுவிலிருந்து விலக்கப்பட்டிருந்தார்கள். உறையில் அவர்களுடைய இடத்தில் ரூடி சார்சோ, டாமி ஆல்ட்ரிஜ் என்ற இருவரின் பெயர்களும் படங்களும் அச்சாகியிருந்தன. உரிமைத்தொகை குறித்த வழக்குகள் பின்னர் பல ஆண்டுகள் நீண்டன. அந்தப் பிணக்கு முற்றியிருந்த வேளையில்தான் 2002ஆம் ஆண்டின் மறுபதிப்புகள் வந்தன. அப்போது ஓஸியின் குழுவில் இருந்த ராபர்ட் ட்ருஹியோவும் மைக் போர்டினும் பழைய பதிவின் மேல் பாஸையும் டிரம்ஸையும் வாசித்தார்கள். இருவரும் கைதேர்ந்த கலைஞர்கள். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. அவர்களை எந்த வேலைக்கு அமர்த்தினார்களோ அந்த வேலைதான் தவறு.

ஏன் தவறு என்பதைச் சொல்ல எனக்குத் தெரிந்த வழி எங்கள் தோட்டத்து வழிதான். என் தாயார் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய ஒரு காலையில், அவருடைய நெரையில், அதாவது அவர் வெட்டும் மர வரிசையில், முதல் மரத்தின் முன் நின்று, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் வெட்டுக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, ‘இது என் கை இல்லை’ என்றார். பட்டையைச் சற்றுத் தடிப்பாகச் சீவியிருந்தார்கள். ஓரிடத்தில் உளி கட்டை வரை இறங்கிக் காயம் பட்டிருந்தது. பால் வடியும் மங்கு என்னவோ அன்றும் வழக்கம்போல் நிறையத்தான் செய்தது. ஆனாலும் அந்த மரத்தை ஆண்டுக்கணக்காகத் தொட்டுவந்த கைக்கு வேற்றுக் கை பட்டது தெரிந்துவிட்டது. உங்கள் காதுக்கு நேர்ந்ததும் அதுதான்.

இசையில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. ரோட்ஸும் டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் ஓஸியோடு சேர்ந்திருந்து, ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு, ஒத்திகை பார்த்து உருவாக்கிய பாடல்கள் இவை. டிரம்ஸ் ஒரு இமைப்பொழுது பின்வாங்கும் இடத்தில் கித்தார் அதற்கேற்ப மூச்சு விட்டிருக்கும். 1982 மார்ச் 19 அன்று, 25 வயதில், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு சிறு விமான விபத்தில் ரோட்ஸ் இறந்துவிட்டார். 2002இல் புதிய பாஸும் டிரம்ஸும் வந்தபோது அவற்றைக் கேட்டுத் தன் வாசிப்பை மாற்றிக்கொள்ள அவர் இல்லை. நம் கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்தை மட்டும் பழைய பதிவிலிருந்து எடுத்துக்கொண்டு, தவிலை வேறொருவர் பின்னொரு நாள் தனியாக வாசித்துச் சேர்த்தால், தாளம் ஒரு மாத்திரையும் பிசகாமல் இருக்கலாம். ஆனால் வித்வான்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்த அந்தக் கணம் அதில் இருக்காது.

உங்களுக்கு நேரம் கிடைத்தால் ‘குட்பை டு ரொமான்ஸ்’ என்ற மெதுவான பாடலை இரண்டு பதிப்புகளிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வேகமான பாடல்களில் கித்தாரின் ஆரவாரம் அடித்தளத்தை ஓரளவு மறைத்துவிடும். இதில் மறைக்க எதுவும் இல்லை. ஓஸி ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் டெய்ஸ்லியின் பாஸ் தனியொரு மெட்டாக நடந்துபோவதைக் கேட்பீர்கள். நான் இந்த ஆல்பத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்த நடைக்காகத்தான்.

ரீமாஸ்டர் என்றால் என்ன என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாடல் முதலில் பல தடங்களில், குரல் ஒன்றில், டிரம்ஸ் சிலவற்றில், கித்தார் சிலவற்றில் எனத் தனித்தனியே பதிவாகும். அவற்றை அளவு பார்த்து இடம், வலம் என்ற இரண்டு தடங்களாகக் கலப்பது மிக்சிங். கலந்து முடித்த அந்த நாடாவை எடுத்து, தாழ்வொலி உச்சவொலிகளைச் சீர்செய்து, இசைத்தட்டுக்கோ சிடிக்கோ ஏற்ற அளவில் அமைப்பது மாஸ்டரிங். அந்தக் கடைசிப் படியை மட்டும் பிற்காலக் கருவிகளோடு மறுபடியும் செய்வதுதான் ரீமாஸ்டர். அதில் வாசித்தவர் மாற வழியே இல்லை. பழைய பல்தட நாடாவுக்கே திரும்பிப்போய் மீண்டும் கலந்தால் அது ரீமிக்ஸ். ஆளையே மாற்றி வாசிக்கவைத்தால் அது மறுபதிவு. 2002இல் நடந்தது இந்த மூன்றாவது. அதை மற்ற ரீமாஸ்டர்களோடு ஒரே அலமாரியில் வைத்து விற்றது, கேட்பவருக்கும் வாசித்தவருக்கும் செய்த அநீதி என்பது என் துணிபு.

ரசிகர்களின் எதிர்ப்பு ஓயவில்லை. 2011 மே மாதம் வெளிவந்த பதிப்பில் டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் வாசித்த அசல் தடங்கள் திரும்பிவந்தன; உங்கள் மகன் கேட்டது அதுவாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்கும். அதில் ஓஸியின் குரலும் ரோட்ஸின் கித்தாரும் மட்டும் ஒலிக்கும் ‘குட்பை டு ரொமான்ஸ்’ ஒன்றும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதையும் கேளுங்கள். பழைய கடைகளில் சிடியாகத் தேடுவதானால் 1995ஆம் ஆண்டின் ரீமாஸ்டரும் அசல் இசைஞர்களைக் கொண்டதே. வாங்குமுன் உறையைத் திருப்பி, பாஸ், டிரம்ஸ் என்ற சொற்களுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த கெர்ஸ்லேக், தன் இறுதிக் காலத்தில், அந்த இரண்டு ஆல்பங்களின் பெரும் விற்பனைக்கு விருதாகத் தரப்படும் பிளாட்டினத் தட்டுகள் தன் வீட்டுச் சுவரில் தொங்க வேண்டும் என்று கேட்டார். 2019இல் ஓஸி தரப்பிலிருந்து அவை அவருக்கு வந்துசேர்ந்தன. 2020 செப்டம்பரில் அவர் மறைந்தார். ஓஸி 2025 ஜூலை 22 அன்று காலமானார்.

கேள்வி: ஐயா, என் மகன் ஐந்தாம் படிவம் படிக்கிறான். ஓஸி ஓஸ்போர்ன் இறந்ததிலிருந்து அவருடைய இந்த ஆல்பத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறான். அதில் ‘சூசைட் சொல்யூஷன்’ என்று ஒரு பாடல் இருப்பதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. தடுக்கலாமா? – சுங்கை சிப்புட் வாசகி ஒருவர்.

பதில்: அம்மா, உங்கள் பதற்றம் நியாயமானது. ஆனால் அந்தப் பாடல் அந்தத் தலைப்பு உங்களுக்குச் சொல்வதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. சொல்யூஷன் என்பதற்குத் தீர்வு என்றும் பொருள், கரைசல் என்றும் பொருள். இங்கே அது குப்பியில் இருக்கும் மதுவைக் குறிக்கிறது. குடி என்பது மெல்ல நடக்கும் தற்கொலை என்பதே பாடலின் எச்சரிக்கை. 1980 பிப்ரவரியில் மிதமிஞ்சிக் குடித்து இறந்த ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட்டை நினைத்துப் பிறந்த பாடல் என்று ஓஸி சொன்னார். வரிகளை எழுதிய டெய்ஸ்லியோ, கண்ணெதிரே குடித்து அழிந்துகொண்டிருந்த ஓஸியை நினைத்தே எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு டெய்ஸ்லி சொல்வதுதான் நெஞ்சில் தைக்கிறது. ஒரு மனிதனுக்கான எச்சரிக்கையை எழுதி, அதை அவன் வாயாலேயே பாடவைத்தவரின் வாசிப்பைத்தான் பிறகு நாடாவிலிருந்து நீக்கினார்கள்.

அமெரிக்காவில் 1984இல் ஓர் இளைஞர் உயிரை மாய்த்துக்கொண்டபோது இந்தப் பாடலே காரணம் என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, 1988இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான். பிள்ளையை இழந்தவர்களின் துயரத்தை அந்தத் தீர்ப்பு சிறிதாக்கிவிடாது.

தோட்டங்களில் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை குடும்பங்களைத் தின்றது என்பது நம் ஊரில் பிறந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மகனோடு உட்கார்ந்து அந்த வரிகளை ஒரு முறை சேர்ந்து படியுங்கள், அவனையே பொருள் சொல்லச் சொல்லுங்கள். தடுப்பதைவிட அது பயன்தரும். அவன் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் நண்பர்களிடத்திலும் மாற்றம் தெரிந்தால், பாடலை விட்டுவிட்டு அவனிடம் நேரடியாகக் கேளுங்கள். உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று வாய்திறந்து கேட்பது அந்த எண்ணத்தை ஊட்டிவிடாது. மனம் தளர்ந்தவர்களுக்குக் காதுகொடுக்கும் பிஃப்ரண்டர்ஸ் அமைப்பின் தொண்டர்களிடமும் தொலைபேசியில் பேசலாம்.

கேள்வி: புதிய ரீமாஸ்டர்கள் எல்லாம் ஏன் இவ்வளவு சத்தமாக இருக்கின்றன? என்னிடம் உள்ள பழைய கேசட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கிறது. அவற்றை ஓடவிடலாமா? – தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், சுங்கை சிப்புட்.

பதில்: சத்தம் கூடியதற்குக் காரணம், 1990களிலிருந்து தங்கள் சிடி அடுத்தவர் சிடியைவிட உரக்க ஒலிக்க வேண்டும் என்று நிறுவனங்கள் போட்டியிட்டதுதான். சிடியில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்ட முடியாததால், மெல்லிய ஒலிகளை மேலே தள்ளி எல்லாவற்றையும் உச்சிக்கு அருகில் கொண்டுவருகிறார்கள். இந்த ஆல்பத்தில் ராண்டி ரோட்ஸ் தன் தாயாருக்காக நைலான் நரம்புக் கித்தாரில் வாசித்த ‘டீ’ என்ற, ஒரு நிமிடமும் நீடிக்காத சிறு துணுக்கு ஒன்று உண்டு. அது மெல்ல ஒலித்து, அடுத்த பாடல் இடிபோல் இறங்க வேண்டும். இரண்டும் ஒரே உரப்பில் ஒலித்தால் அந்த ரீமாஸ்டர் தோற்றுவிட்டது என்று கொள்ளுங்கள். ஒப்பிடும்போது உரத்த பதிப்பின் ஒலியளவைக் குறைத்துச் சமமாக்கிக்கொண்டு கேளுங்கள். இல்லாவிட்டால் உரத்ததே நல்லது என்று காது ஏமாறும்.

பூஞ்சை பிடித்த கேசட்டை ஓடவிட வேண்டாம். அது பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட் என்ற பகுதியில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் தொற்றும். நம் ஊர் ஈரக்காற்றில் இது தவிர்க்க முடியாதது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு சில நாள் வைத்து நன்றாக உலரவிடுங்கள். பிறகு முகக்கவசம் அணிந்து, திறந்தவெளியில், நாடாவைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளிப் பஞ்சு பசை விட்டு உதிர்ந்திருந்தால், திருகாணி போட்ட வேறொரு கேசட் கூட்டைத் திறந்து, இரண்டு சக்கரங்களையும் அதற்குள் மாற்றிவிடலாம். ஸ்டூடியோ நாடா நொடிக்கு 38 அல்லது 76 சென்டிமீட்டர் ஓடும். கேசட்டோ 5 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே ஓடுகிறது. அதனால் ஹெட் இம்மி அளவு சாய்ந்திருந்தாலும் உச்சவொலிகள் மங்கிவிடும். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகாணியை, டிரம்ஸின் சிம்பல் ஒலி தெளியும் வரை மிக மெதுவாகத் திருகிச் சரிசெய்யுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்து, நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றிய பிறகு, கணினியில், ஒலியைச் சுருக்காத டபிள்யூஏவி கோப்பாகப் பதிவுசெய்யுங்கள். ஒலியைச் சுருக்கும் எம்பி3 ஆகப் பதிய வேண்டாம்.

முதல் கடிதத்தை எழுதிய பட்டறைக்கார ஐயா அண்ணனின் கேசட்டை இன்னும் வைத்திருந்தால், அவரும் இதையே செய்யலாம். நாடா தேய்ந்திருப்பதால் அதைச் சோதித்துப் பார்க்கப் பலமுறை ஓடவிடாமல், வேறொரு கேசட்டை வைத்து எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டு, முதல் ஓட்டத்திலேயே பதிவுசெய்துவிடுங்கள்.