பால் டம்ளரைக் குறையுங்கள், பசி வரும்

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. எடை 11.2 கிலோ. நாலு வாய்க்கு மேல் சோறு இறங்குவதில்லை. செல்போனைக் காட்டினால்தான் வாயையே திறக்கிறாள். சாப்பாடு போகவில்லையே என்று தினமும் நான்கு டம்ளர் பால், சத்து பவுடர் கலந்து கொடுக்கிறேன். மெடிக்கலில் பசி டானிக் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் ஊட்டச்சத்து ஆலோசகர் என்று ஒரு அக்கா வருகிறார். அவரிடம் டப்பா வாங்கினால் இரண்டு மாதத்தில் குண்டாகிவிடுவாளாம். வாங்கலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில் (குழந்தை நல மருத்துவர்): வேண்டாம். டானிக்கும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம்.

இரண்டரை வயதுப் பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் நடு எடை 12.7 கிலோ. 10 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்போம். உங்கள் மகள் 11.2. ஒல்லியான பிள்ளை, அவ்வளவுதான். பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை ஒரு வயதில் ஒன்பது கிலோ ஆகிறது. அடுத்த ஒரு வருடத்தில் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். போன வருடம் அள்ளி அள்ளித் தின்றவள் இப்போது முகத்தைத் திருப்புகிறாள் என்று நீங்கள் பயப்படுவது இதைப் பார்த்துத்தான்.

இந்த எடைக் கணக்கை உங்களுக்கு யாரோ முன்பே சொல்லியிருக்க வேண்டும். அங்கன்வாடியில் எடை போடுகிறார்கள், செல்போன் செயலியில் பதிகிறார்கள், பிள்ளையைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சிக் கோடு அச்சாகியே இருக்கிறது. அதில் ஒரு புள்ளி வைத்து, 'பச்சைப் பட்டைக்குள்தான் இருக்கிறாள், கவலைப்படாதீர்கள்' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் கிடைக்காத தாய்மார்கள்தான் டப்பா விற்பவர்களிடம் போய் மாட்டுகிறார்கள். எனக்கு இதில் தீராத ஆத்திரம் உண்டு.

இப்போது பாலுக்கு வருவோம். நான்கு டம்ளர் என்றால் ஏறக்குறைய 800 மில்லி. ஆவின் நீலப் பாக்கெட் பால் 100 மில்லியில் சுமார் 60 கலோரி இருக்கிறது. ஆக, பாலிலேயே 480. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் பவுடரும் சர்க்கரையும் சேர்த்தால் 600-ஐத் தாண்டிவிடும். இந்த வயதில் ஒரு நாளைக்குத் தேவை சுமார் ஆயிரம்தான். பாதிக்கு மேல் டம்ளரிலேயே போன பிறகு வயிற்றில் சோற்றுக்கு எங்கே இடம்?

அந்தப் பவுடர் டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' எவ்வளவு என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு சர்க்கரையாகவே இருக்கும் பவுடர்கள் உண்டு. 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களிடம் அந்தப் பெயரில் இவற்றை வைக்காதீர்கள் என்று சொன்னது. தெருமுனைக் கடை அலமாரிக்கு யார் சொல்வது? இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கு விளம்பரமே கூடாது என்று 1992-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. பிள்ளை இரண்டைத் தாண்டியதும் அந்தக் காவலும் போய்விடுகிறது.

பசி டானிக் பாட்டிலில் சைப்ரோஹெப்டடின் என்று இருக்கிறதா பாருங்கள். அது அலர்ஜிக்கான மருந்து. தூக்கம் வரும், கூடவே பசியும் கொஞ்சம் தூண்டும். நிறுத்தினால் பழையபடிதான். கடைக்காரர் எடுத்துக் கொடுக்க வேண்டிய மருந்தே இல்லை. ஆலோசகர் அக்காவைப் பொறுத்தவரை, டப்பா விற்றால்தான் அவருக்குக் கமிஷன். உங்களையும் ஆள் சேர்க்கச் சொல்வார், எச்சரிக்கையாக இருங்கள்.

ரத்தசோகை என்ற ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்களை நிம்மதியாக இருக்கச் சொல்ல மாட்டேன். பலப்பம் கடிக்கிறாளா? சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டுகிறாளா? மண்ணோ பச்சரிசியோ எடுத்து வாயில் போடுகிறாளா? கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருக்கிறதா? அவள் உள்ளங்கையை உங்கள் உள்ளங்கையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அதைவிட வெளுத்திருக்கிறதா? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலையே சாப்பாடாக்கிக்கொண்ட பிள்ளைக்கு ரத்தசோகை வரும், ரத்தசோகை வந்தால் பசி போகும், பசி போனதும் நீங்கள் இன்னும் ஒரு டம்ளர் பால் கொடுப்பீர்கள். இந்தச் சுழலை நான் தினமும் பார்க்கிறேன். மேலே சொன்னதில் ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பாருங்கள், காசு கேட்க மாட்டார்கள். 11-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் இரும்புச்சத்து சிரப் எழுதுவார். அதைப் பாலோடு கொடுக்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. மலம் கறுப்பாகப் போகும், பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள். எண் 11-ஐத் தொட்ட பிறகும் சில மாதம் கொடுக்க வேண்டியிருக்கும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் தரும் பூச்சி மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள். பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? பால் நாளைக்கு இரண்டு டம்ளர், 400 மில்லி போதும். அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. பவுடரை நிறுத்துங்கள். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே பிஸ்கட், முறுக்கு எதுவும் கையில் கொடுக்காதீர்கள். நீங்கள் சாப்பிடும்போதே அவளுக்கும் ஒரு தட்டு வையுங்கள். ஒரு இட்லி, கொஞ்சம் பருப்பு, பாதி முட்டை என்று சிறிதாக வைத்து, அவள் கையாலேயே பிசையட்டும். கீழே பாதி கொட்டும், பரவாயில்லை. இருபது, முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். துரத்தித் துரத்தி ஊட்ட வேண்டாம். செல்போன் கூடவே கூடாது. திரையைப் பார்த்து வாய் திறக்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததே தெரியாது.

முதல் சில நாள் அழுவாள். பாட்டி மனசு கேட்காமல் அடுப்படியில் பால் ஆற்றுவார். அவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து, இதே தராசில், இதேபோல மெல்லிய உடையில் எடை போடுங்கள். அங்கன்வாடியில் எண்ணைச் செயலியில் பதிந்ததும் நகர்ந்துவிடாதீர்கள். அட்டையை நீட்டி, புள்ளி வைத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.