ஏழு கையெழுத்து

அன்புள்ள ஐயா,

அன்னதானம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அப்பா இறந்து வருகிற தையோடு ஒரு வருடம். அவர் நினைவாக 25,000 ரூபாய் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்று நானும் மனைவியும் பேசி வைத்திருந்தோம். மச்சானிடம் சொன்னேன். “டிரஸ்ட் என்று போர்டு மாட்டினவன் எல்லாம் ஒன்று வெளிநாட்டுப் பணத்துக்காக மாட்டியிருப்பான், இல்லை கறுப்பை வெள்ளையாக்க மாட்டியிருப்பான்” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். தேடிப் பார்த்தால் ஒரு இடத்தில் சில ஆயிரம் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் லட்சம் என்கிறார்கள். நம் மாநிலத்தில் உண்மையில் எத்தனை தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன? யாரை நம்பிக் கொடுப்பது?

ரா., ஈரோடு

அன்புள்ள ரா.,

நீங்கள் பார்த்த இரண்டு எண்களுமே சரியாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு வரிசையில் நின்று எண்ணியவை, அவ்வளவுதான். ‘தொண்டு நிறுவனம்’ என்று ஒரே வகையாகச் சட்டத்தில் எதுவும் கிடையாது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம். 1975ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதி, வீட்டுமனை பதிகிற அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வார்கள். லாப நோக்கமற்ற கம்பெனி என்று மூன்றாவது ஒன்று உண்டு. அதன் கணக்கு கம்பெனிப் பதிவாளரிடம். கோயில் கட்டளைகள் அறநிலையத் துறையில், வக்பு சொத்துகள் வக்பு வாரியத்தில். இவை அத்தனையையும் ஒரே மேசையில் வைத்துக் கூட்டிப் பார்க்கிற அதிகாரி இங்கே யாருமில்லை. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகளுக்கு என்றே தனிச் சட்டமும் ஆணையரும் உண்டு. நம்மிடம் அது இல்லாததால், பத்திரம் பதிவானதோடு சார்பதிவாளருக்கும் அந்த அறக்கட்டளைக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது.

சங்கத்தின் கதை எனக்கு உள்ளிருந்தே தெரியும். இருபத்து நாலு வயதில் ஒரு சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடியில் ஒரு படிப்பகம். ஏழு பேர் வேண்டும் என்றதும் ஐந்து பேர் உடனே தேறினார்கள். ஆறாவது ஆள் செயலாளரின் தம்பி. ஏழாவது ஆள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். கையெழுத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தான், டிக்கெட் காசை நாங்கள் கொடுத்தோம். சங்கத்தின் விதிமுறைகளை, அதாவது பைலாவை, எழுத யாருக்கும் தெரியாது. பக்கத்துத் தெரு விளையாட்டுக் கழகத்தின் பைலாவை வாங்கி அப்படியே நகலெடுத்தோம். பெயரை மாற்றினோமே தவிர நோக்கங்களை முழுதாகப் படிக்கவில்லை. அதனால் எங்கள் படிப்பகத்தின் நான்காவது நோக்கம் இன்று வரை ‘கபடியை ஊக்குவித்தல்’.

மூன்று வருடம் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் ஒழுங்காகத் தாக்கல் செய்தோம். நாலாவது வருடம் செயலாளருக்குக் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டார். பத்து மாத வாடகை பாக்கி. பழைய பேப்பரை எடைக்குப் போட்டுப் பாதி அடைத்தோம், மீதிக்குச் சைக்கிள் கடைக்காரரே பெஞ்சுகளை எடுத்துக்கொண்டார். சங்கத்தை முறைப்படி கலைக்கவில்லை. அதற்குப் பொதுக்குழு கூட்டித் தீர்மானம் போட்டு மனு கொடுக்க வேண்டும். ஏழு பேரை மறுபடி எங்கே பிடிப்பது? பிறப்பைப் பதிய ஏழு பேரைச் சேர்க்க முடிந்தது, இறப்பைப் பதிய ஒருவரும் இல்லை.

மத்தியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் இப்படிப் பதிவான அமைப்புகளை ஒருமுறை கணக்கெடுத்தது. 2008 வரை பதிவானவை என்று ஏடுகளில் கண்டது சுமார் 31.7 லட்சம். அவற்றில் 22 லட்சத்துச் சொச்சத்தை முகவரி வைத்து நேரில் தேடிப்போனார்கள். கண்டுபிடிக்க முடிந்தவை ஏழு லட்சத்துக்கும் குறைவு. மற்றவை எல்லாம் மோசடி என்று உங்கள் மச்சான் சொல்லுவார். எனக்கு அவற்றில் முக்கால்வாசி எங்கள் கபடிப் படிப்பகத்தின் ஒன்றுவிட்ட சகோதரர்களாகத்தான் தோன்றுகின்றன. மோசடி செய்யக்கூட ஒரு சுறுசுறுப்பு வேண்டுமே.

சரி, இது ஏட்டில் இருந்து ஊரில் இல்லாதவற்றின் கதை. ஊரில் இருந்து இந்த ஏடுகளில் பெயர் வராதவை இன்னும் சுவாரசியமானவை. பங்குனி வெயிலில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள், ஆடியில் கூழ் ஊற்றுகிற தெருக்காரர்கள், சபரிமலை சீசனில் அன்னதானக் கமிட்டி. நோட்டும் ரசீதுப் புத்தகமும் இருக்கும், பதிவு எண் பெரும்பாலும் இருக்காது. மகளிர் சுயஉதவிக் குழுக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1989இல் தர்மபுரியில் தொடங்கிய திட்டம் பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. ஒவ்வொரு குழுவுக்கும் வங்கிக் கணக்கும் தீர்மானப் புத்தகமும் உண்டு, ஆனால் சங்கப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. தொண்ணூறுகளில் இங்கே ‘என்ஜிஓ வேலை’ என்றாலே பல ஊர்களில் இந்தக் குழுக்களைக் கட்டுகிற வேலைதான்.

இதைவிடப் பழசு விருதுநகர் மகமை. வியாபாரிகள் தங்கள் வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று பொதுக்காரியத்துக்கு எடுத்து வைத்தார்கள். 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலைக்குப் பெண்கள் கொடுத்தது பிடி அரிசி. உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். வீடு வீடாக அதை வாங்கி வந்து விற்றுப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராஜர் படித்தது அங்கேதான். அந்தக் கலயத்தை எந்தக் கணக்கெடுப்பில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

அளவு வித்தியாசத்தையும் பாருங்கள். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி பணி ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த கண் மருத்துவமனைதான் அரவிந்த். காசு கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பதில், முடியாதவர்களுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை நடக்கிறது. நன்கொடையையே நம்பி உட்கார்ந்திருந்தால் இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. அரவிந்தும் லாப நோக்கமற்றது, எங்கள் படிப்பகமும் லாப நோக்கமற்றது. (எங்களுக்கு லாபம் வராததற்கு நோக்கம் காரணமில்லை என்பது வேறு விஷயம்.)

வெளிநாட்டுப் பணம் பற்றி மச்சான் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான உரிமம் வைத்திருக்கும் அமைப்புகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசை. பழைய மிஷன் ஆஸ்பத்திரிகளும் பள்ளிகளும் இங்கே அதிகம். அப்புறம் கிராம மேம்பாட்டு அமைப்புகள் வந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் வந்து குவிந்த அமைப்புகளை ஒழுங்குபடுத்தவே ஒரு ஒருங்கிணைப்பு மையம் தேவைப்பட்டது. ஆனால் உயிரோடிருக்கும் உரிமங்கள் இந்தியா முழுவதற்கும் சேர்த்தே இருபதாயிரத்துக்குள்தான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை என்று இருந்தது 20 ஆனது. பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதும் நின்றது. இதில் அடிபட்டவர்கள் பெரியவர்கள் இல்லை, நாலு ஊழியர்களை வைத்துக்கொண்டு ஒரு வட்டாரத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்.

மச்சான் கைகாட்டாமல் விட்ட இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான தனியார் பொறியியல் கல்லூரிகளை நடத்துவது அறக்கட்டளை அல்லது சங்கம்தான், ஏனென்றால் கல்வியை லாபத்துக்கு நடத்தக் கூடாது என்பது விதி. அப்பா தலைவர், அம்மா செயலாளர், மகன் அறங்காவலர் என்று வீட்டு ரேஷன் கார்டைப் பார்த்து எழுதியது போல நிர்வாகக் குழு இருக்கும். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் ‘டிரஸ்ட்’ என்ற சொல்லுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததில் இவர்களுக்கு நல்ல பங்கு இருக்கிறது. அந்தப் பழியைச் சுமப்பவர் முதியோர் இல்லம் நடத்துகிற ஒரு அம்மாள்.

அப்படி ஒரு அம்மாளை எனக்குத் தெரியும் என்பதால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வந்துவிடுகிறேன். முதலில் சில்லறை விஷயங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் நன்கொடைக்கான வருமான வரி விலக்கு (80ஜி என்பார்கள்) கிடைக்காது. போன வருடத்து ஆடிட் செய்த வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் கேட்டதும் எடுத்து நீட்டுவார்கள், முகம் மாறினால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். விழா நாளில் போகாதீர்கள். செவ்வாய், புதன் என்று ஒரு சாதாரண நாளில் பதினொரு மணிக்குப் போய்ச் சமையலறையைப் பாருங்கள். வேலை செய்கிறவர்களிடம் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். ஆண்டறிக்கையில் இல்லாதது அதில் தெரியும்.

நான் சொன்ன அம்மாள் நடத்துவது முப்பது பேர் இருக்கும் முதியோர் இல்லம். போன வருடம் போயிருந்தபோது ஸ்டோர் நோட்டைக் காட்டினார். கோடு போட்ட நீள நோட்டு. தேதி, பொருள், எடை, கடைசிக் கட்டத்தில் காரணம்: ‘பேத்தி முதல் பிறந்தநாள்’, ‘திருமண நாள்’, ‘திதி’. சுதந்திர தினத்தன்று மூன்று இடத்திலிருந்து மதியச் சாப்பாடு வந்திருக்கிறது. இரண்டு அண்டாவை வேறு இல்லங்களுக்கு ஆட்டோ பிடித்து அனுப்பியதாக, ஆட்டோ கூலியோடு, அதே பக்கத்தில் எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில் கரண்ட் பில், இரவு வாட்ச்மேன் சம்பளம், செப்டிக் டேங்க் லாரி. இவற்றுக்கு எதிரே காரணக் கட்டம் காலி.

அவர் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “சாப்பாடு போட மூணு மாசத்துக்கு ஆள் புக் ஆயிருச்சு சார். டயப்பர் வாங்கித்தான் யாரும் அவங்க அப்பா பேரைச் சொல்ல மாட்டேங்கறாங்க.”