எஸ்எஸ்டி போட்டால் போதுமா, புது லேப்டாப்தான் வாங்கணுமா?

கேள்வி: காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். பில் போடவும் கணக்கு எழுதவும் 2019-ல் வாங்கிய லேப்டாப். காலையில் ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தாலும் தயாராக இருப்பதில்லை. ஒரு மெக்கானிக் "எஸ்எஸ்டி போடுங்க" என்கிறார். இன்னொருவர் "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: எஸ்எஸ்டி என்பது பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு டிரைவ். லேப்டாப் திணறும்போது, எந்தப் பாகம் எவ்வளவு திணறுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். 'டிஸ்க்' 100 சதவீதத்திலேயே நின்றுகொண்டிருந்தால் முதல் மெக்கானிக் சொன்னது சரி. 'மெமரி'யும் நிரம்பி வழிந்தால் ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) 4 ஜிபியாக இருக்கும், அதையும் 8 ஆக்கிவிடுங்கள்.

அடுத்து பிராசசர். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். உங்களுடையது அதற்கும் பழையது என்றால் இரண்டாமவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டியும் ஓடும் மெஷினை ஆதரவில்லாத விண்டோஸில் விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை.

லேப்டாப் ஹார்ட் டிஸ்கில் தட்டு பொதுவாக நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும். கேட்ட தகவல் இருக்கும் இடத்துக்கு டிஸ்கின் படிக்கும் முனை நகர்ந்து போய்த்தான் எடுக்க வேண்டும். பந்தியில் ஒரே ஆள் எல்லா இலைக்கும் ஓடி ஓடிப் பரிமாறுகிற கதைதான். ஒவ்வொரு தடவையும் பத்து மில்லிசெகண்டுக்கு மேல் போகும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லாததால் அந்த நேரம் ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுவதால் வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

அதனால் அட்டையில் கொட்டை எழுத்தில் நொடிக்கு 7000 எம்பி வேகம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பழைய டிஸ்க் இருந்த இடத்தில் பொருந்துவது சாட்டா என்ற இணைப்பு வகையிலான இரண்டரை இஞ்ச் எஸ்எஸ்டி, அது 550 எம்பிக்கு மேல் போகாது. பில் போட அதுவே தாராளம். எம்.2 என்ற சின்னப் பலகை வடிவ எஸ்எஸ்டிக்கு இடம் இருந்தாலும் அது சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையா என்று மாடல் நம்பரைச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். மாற்றி வாங்கினால் ஓடாது, பிரித்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவும் மாட்டார்.

500 ஜிபி போதும். எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். 150 டிபி (1,50,000 ஜிபி) எழுதலாம் என்று உத்தரவாதம் தரும் டிரைவில் தினம் 20 ஜிபி எழுதினாலும் இருபது வருஷம் ஓடும். பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும். வாரண்டி டிரைவுக்கு மட்டும்தான், உள்ளே இருக்கும் கணக்குக்கு இல்லை. பழைய டிஸ்கைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள், உங்கள் வியாபாரம் முழுக்க அதில் இருக்கிறது.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டைப் பொங்கலுக்கும் விசேஷத்துக்கும்தான் திறப்போம். பாட்டையா காலத்துப் பர்மா கணக்கு ஏடுகள், கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டோம். எஸ்எஸ்டியில் ஏற்றி வீட்டு அலமாரியிலேயே பூட்டி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரமே காட்டாமல் வைத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், வெயில் ஏற ஏற வேகமாகக் கசியும். சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோலே, ஆயுள் முழுக்க எழுதித் தேய்ந்த சாதாரண எஸ்எஸ்டி 30 டிகிரியில் ஒரு வருஷம் தாங்கினால் போதும் என்கிறது. புது டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும்தான். ஆனாலும் கீழே ஆத்தங்குடிக் கல் குளிர்ந்து கிடக்கையில் மாடி அலமாரி சித்திரையில் என்ன சூட்டில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்குப் பழைய ஹார்ட் டிஸ்க்தான் சரி. காந்தப் பதிவு மின்சாரத்தை எதிர்பார்ப்பதில்லை, டிபி கணக்கில் விலையும் குறைவு. இரண்டு வாங்கி ஒன்றை ஊரில் வையுங்கள், இன்னொன்று சென்னை வீட்டில் இருக்கட்டும். வீட்டைத் திறக்கும்போதெல்லாம் செருகி நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள், ஓடாமலே கிடந்தால் அதுவும் சிக்கிக்கொள்ளும். பல்லவன் ரயிலில் எடுத்துப் போகும்போது கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தேவகோட்டையில் கல்லூரியில் படிக்கிறேன். ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி ரூ.1,999-க்கு வாங்கினேன். முதலில் ஏற்றிய படங்கள் திறக்கவில்லை.

பதில்: போலி. உள்ளே சின்ன மெமரி கார்டு ஒன்றுதான் இருக்கும், 16 டிபி என்று பொய்க் கணக்கு காட்டும்படி திருத்தியிருப்பார்கள். கார்டு நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் உண்மை அளவு தெரிந்துவிடும். அந்தத் திரையைப் படம் எடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பணத்தைக் கேளுங்கள். தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, வழக்குப் போடக் கெடு இரண்டு வருஷம்.