போரில் ஜெயித்தவர்களுக்கும் குற்றவுணர்ச்சி வருமா? அதற்குப் பரிகாரம் ஏதாவது உண்டா?

வரும். ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் வந்து உட்காராது. எங்கள் வீட்டில் நான் பார்த்தது இது.

நீலகிரியில் இருக்கிற வெலிங்டனில், பாய்ஸ் கம்பெனி ஸ்டாப்பிலிருந்து கீழே இறங்கும் சரிவில் எங்கள் வீடு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் இங்கேதான் என்பதால் எங்கள் வரிசையில் பாதிப்பேர் பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆனவர்கள். தாத்தாவும் அப்படித்தான். 1971 பாகிஸ்தான் போரில் கிழக்கு முனையில் இருந்தார். 13 நாளில் போர் முடிந்தது, டிசம்பர் 16 டாக்காவில் சரணாகதி, கைதிகள் ஏறக்குறைய 93,000 பேர். அன்றைக்குத் தளபதியாக இருந்த மானெக்‌ஷாவே பிற்பாடு குன்னூரில் வந்து குடியிருந்து, 2008ல் வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில்தான் இறந்தார். ஆக, எங்கள் ஊரில் எழுபத்தொன்று என்றால் வெற்றிதான். வேறு பேச்சே கிடையாது.

சுட்டதற்காகத் தாத்தா வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. "அவன் சுட்டான், நானும் சுட்டேன்" என்பார், அவ்வளவுதான். அவரை அரித்தது ஒரு மக் டீ. ஒரு பங்கரைப் பிடித்து உள்ளே இறங்கியபோது, மண்திட்டு மேலே எனாமல் மக்கில் டீ இருந்ததாம். ஆவி அடங்கவில்லை. அதைப் போட்டவன் வாசலில் கிடந்தான். இரவெல்லாம் சேற்றில் நின்ற குளிர்; இவர் எடுத்துக் குடித்துவிட்டார்.

அப்புறம் எங்கள் வீட்டில் எனாமல் பாத்திரமே கூடாது. காலையில் போடும் முதல் டீயைத் தாத்தா குடிக்கமாட்டார். வாசலில் யார் தென்படுகிறார்களோ, பால்காரர், லைன்மேன், எஸ்டேட்டுக்கு இலை பறிக்கப் போகிற அக்காக்கள், அவர்களுக்குத்தான். கூட ஒரு வர்க்கி. டிசம்பரில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது இரண்டு முறை பாத்திரம் ஏறும். "பேசாம டீக்கடை வெச்சிருக்கலாம்" என்று பாட்டி முணுமுணுப்பார். தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. ஆனால் தன் டீயில் சர்க்கரை போடவிடமாட்டார்.

பரிகாரம் என்றதும் எல்லோரும் அசோகரைச் சொல்வார்கள். கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், வருந்துகிறேன் என்று 13ஆம் பாறைக் கல்வெட்டில் சொல்கிறார். வருத்தம் நிஜமாகவே இருக்கலாம். ஆனால் கலிங்கத்திலேயே இருக்கும் தௌலி, ஜௌகடா பாறைகளில் அந்தக் கல்வெட்டு இல்லை. அடிபட்டவன் வீட்டு வாசலை விட்டுவிட்டு ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டின மாதிரி. பிடித்துப் போனவர்களைத் திருப்பி அனுப்பியதாகவும் அதில் ஒரு வரி கிடையாது. போதாததற்கு, காட்டில் வாழ்கிறவர்களைப் பார்த்து, நான் வருந்தினாலும் என் பலம் அப்படியேதான் இருக்கிறது என்று ஒரு எச்சரிக்கை வேறு. மலையில் இருந்துகொண்டு படிக்கும்போது அந்த வரிதான் எனக்கு உறுத்துகிறது.

தர்மர் கதை இன்னும் நெருக்கம். ஜெயித்த பிறகு ராஜ்யமே வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்றவர் அவர். கடைசியில் வியாசர் சொல்லி அசுவமேதம் நடக்கிறது. யாகம் முடிந்த இடத்துக்குப் பாதி உடம்பு பொன்னான கீரி ஒன்று வந்து, பஞ்சத்தில் தங்கள் பங்கு மாவை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்ட ஏழைக் குடும்பத்தின் தானத்துக்கு இதெல்லாம் ஈடாகாது என்று சொல்லிவிட்டுப் போகும். கீரி வரும் கட்டத்தைச் சொல்லும்போது தாத்தா சிரிப்பார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "இத்தனை பேருக்கு டீ குடுத்தாச்சே தாத்தா, மனசு ஆறுச்சா?"

"இவங்களுக்கா நான் கடன்பட்டேன்? அவன் அங்கயே கிடக்கான். ஊர் பேர்கூடத் தெரியாது."

கொஞ்ச நேரம் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"நிறைய சர்க்கரை போட்டிருந்தான்டா. அடியில கரையாமக் கிடந்துச்சு."